குழாய்க்குத் தைத்த சட்டை

ராமுத்தாய் அக்கா வைத்த இட்லியின்மேல் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். கார்த்திகைப் பிறப்பு. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது, மழை இல்லை. அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட் கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குக் கீழே, அடுப்புக்கு மேலிருந்து கிளம்பிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற தகரப் புகைக்குழாய். அதன் இணைப்பில் அடுத்த சொட்டு பருத்துத் தொங்கியது.

"அக்கா, உங்க கொழாய் அழுகுதுங்க."

"சும்மா தின்னுங்க தம்பி. நானும் நாலஞ்சு நாளா பாத்துட்டுதான் இருக்கேன். சோறு கொதிக்க ஆரம்பிச்சா அதுவும் ஆரம்பிச்சிருது. அழுதா பரவாயில்ல, எண்ணெயும் தண்ணியுமால்லா வடிக்கி!"

தட்டை வாங்கி வேறு இட்லி வைத்துத் தந்தாள். தின்றேன். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. நான் குண்டடத்துக்காரன். சின்ன லோடு வண்டி வைத்துக்கொண்டு துணி ரோலையும் தைத்த பீஸையும் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிக்கொண்டிருப்பவன். எங்கள் ஊர்ச் சமையலில் கருவாடு என்பது எப்போதாவது வந்து போகிற ஒறம்பரை மாதிரி. ராமுத்தாய் அக்காவின் சாளைக் கருவாட்டுக் குழம்பைத் தின்ற பிறகுதான் இத்தனை வருசம் நாக்கை வீணாக வைத்திருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் நடத்தும் மெஸ்ஸின் முன்னறையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து தின்பதுதான் எனக்குப் பிடிக்கும். சூடாகவும் கிடைக்கும், புருசன் பெண்டாட்டி சண்டையும் கேட்கலாம்.

அவளும் சுடலை அண்ணாச்சியும் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள். அண்ணாச்சி ஓவர்லாக் டெய்லர், வெட்டின துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற வேலை. ஒரு காலத்தில் அவர் கை பட்ட பனியனை செக்கிங்கில் பிரித்தே பார்க்க மாட்டார்களாம். அப்புறம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. தெரியாமலே தைத்துக்கொண்டிருந்தார். தையல் ஓரத்தை விட்டு ஓடிற்று. பண்டல் பண்டலாக ஆல்டரேசனுக்குத் திரும்பி வந்தது. கம்பெனியில் பக்குவமாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் ஆபரேசன் முடிந்து இப்போது பனியனில் ஒரு கண்ணி விட்டிருந்தால்கூட எட்டி நின்றே சொல்வார். ஆனால் அவர் பேர் கெட்டது கெட்டதுதான். எந்தக் கம்பெனி வாசலிலும் "சொல்லி அனுப்பறமுங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

அதனால் அண்ணாச்சி இப்போது பெண்டாட்டியின் மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறார். பலகையைப் போட்டு மணையில் உட்கார்ந்து நறுக்கும்போது அவருடைய வலது கால் மட்டும் தரையில் அமுக்கி அமுக்கி எடுக்கும். அவருக்கே தெரியாது. மெசின் பெடல் இருந்த இடத்தைக் கால் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"இந்தா பாருங்க தம்பி, கெரகத்த!" என்று அக்கா கண்ணால் காட்டுவாள். "வெங்காயத்துக்கு மோட்டார் போடுதாரு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் அவர் கடைக்குப் போயிருந்த ஒரு நாள் என்னிடம் சொன்னாள், "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி. இந்த மனுசன் மறுபடியும் ஒரு மிசின்ல போய் உக்காந்துட்டாருன்னா போதும். அடுப்படியில அவர இப்படிப் பாக்க எனக்கு மனசு ஒப்பல."

குழாய் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் மாரப்பன். தோட்டத்தில் பாதியை விற்று இந்த லைன் வீடுகளைக் கட்டி, அக்கா மெஸ் நடத்துகிற கடைசி வீட்டை ஒட்டினாற்போல ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு செட் போட்டு, சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறார். பெரிய பார்ட்டிகள் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிற வேலை. மாரப்பன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நாயை விரட்டினால்கூட "போயிருங்க சாமி" என்பார்.

முன்பு அக்காவின் அடுப்படி ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் பேன் இருந்தது. ஆவி நேராக வாசலுக்குப் போய்விடும். ஐப்பசியில் மாரப்பனின் மகள் தேஜஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே மாடியில் அவள் அறை. கருவாட்டு வாசம் வந்தால் அந்தப் பெண்ணுக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி. மாரப்பன் வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க ராமுத்தாயி, பொழப்பக் கெடுக்கறனேன்னு நெனைச்சுக்காதீங்க. புள்ள கஷ்டப்படுது. அந்த ஜன்னல அடைச்சுப்போட்டு, ஒரு கொழாய் வெச்சு நம்ம செட்டுக்குள்ளார விட்டு கூரைக்கு மேல ஏத்தீரலாமுங்களா? செலவு என்னுதுங்க."

அப்படித்தான் அந்தக் குழாய் அடுப்புக்கு மேலிருந்து படுக்கையாகப் போய், சுவரைத் தாண்டி, செட்டுக்குள் கொஞ்ச தூரம் ஓடி, அங்கே முழங்கை மடக்கியதுபோலத் திரும்பி, கூரைக்கு மேலே போயிற்று. முதல் சில வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நின்று பனி விழ ஆரம்பித்ததும் செட்டுக்குள் தகரம் ஐஸாகக் குளிர்ந்தது. விடியுமுன்னே அக்கா சோறு வடித்துக் குழம்பு கூட்டுவாள். அந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, எண்ணெய்ப் பிசுக்கையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து இட்லிமேல் விழுந்தது.

குழாய் மாட்டிய தகரக் கடை மகுடேஸ்வரனை நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். அவர் குழாயைத் தடவிப் பார்த்தார்.

"ஓட்டை இல்லீங்க. வேர்க்குது. உள்ள சூடு, வெளிய குளுரு. ஜாயிண்ட்டு வழியாக் கசியுது. மேல நல்லாப் போத்தி உட்டீங்கன்னா நின்னுபோயிரும்."

"எதப் போத்தணும்?" அண்ணாச்சி கேட்டார்.

"குளுரு உள்ள போகாத மாதிரி ஏதாச்சும் போத்துங்க. மனுசனுக்குப் போத்தற மாதிரிதானுங்க." அதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே போய்விட்டார். அவர் மனதில் இருந்தது ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சும் வெள்ளித் தாளுமாம். பின்னால் கேட்டபோது சொன்னார். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே" என்றார். எங்களுக்குத் தெரியாது. திருப்பூரில் போர்த்துவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

அண்ணாச்சியின் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "தம்பி, ஒம்ம வண்டியில ஏதாச்சும் டியூப் துணி கழிச்சது கெடக்கா?"

கிடந்தது. பனியன் துணி மெசினிலிருந்து குழாய் மாதிரிதான் இறங்கும், வெட்டினால்தான் விரியும். சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்ததென்று கழித்துப் போட்ட ஒரு டியூப் என் வண்டியில் சீட்டுக்கு அடியில் இருந்தது. நல்ல கனத்த காட்டன். ஞாயிற்றுக்கிழமை மாரப்பனிடம் கேட்டு, செட்டில் ஒரு மெசினில் உட்கார்ந்தார். துணியைக் குழாய் அளவுக்குக் குறுக்கினார். ஒரு பக்கம் ஓவர்லாக் ஓட்டினார். குழாய் திரும்புகிற இடத்தை எங்கள் ஊரில் எல்போ என்பார்கள்.

"எல்போன்னா முழங்கைதானல?" என்று தனக்குத்தானே சிரித்தார். "முழுக்கைச் சட்டை தைச்சவனுக்கு இது என்ன கஷ்டம்?" முழங்கை மடிகிற இடத்தில் வெட்டுக் கொடுத்து, சுருக்கமே விழாமல் வளைத்துத் தைத்தார். முனையில் ஒரு மடிப்பு மடித்து, அதற்குள் நாடா கோத்தார்.

"நாடா எதுக்குங்க அண்ணாச்சி?"

"முடிச்சுப் போட்டா நழுவாதுல்லா. அதோட பாக்க அம்சமா இருக்கும்."

குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, கைப்பிள்ளைக்குக் கால்சட்டை மாட்டுவதுபோல மாட்டி, திரும்பக் கோத்தோம். அடுப்படியில் ஆரம்பித்து, சுவர் ஓட்டையைத் தாண்டி, செட்டில் எல்போ வரைக்கும் ஒரே சட்டை. எல்போவில் நாடாவை இழுத்துப் பூ முடிச்சுப் போட்டார். மறுநாள் காலை சோறு கொதித்தது, குழம்பு கொதித்தது, ஒரு சொட்டு விழவில்லை. அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்பா! சட்ட போட்டதும் மாப்பிள்ள மாதிரில்லா இருக்கு!" என்றாள். அண்ணாச்சி வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை செட்டுக்கு வந்த மாரப்பன் குழாயைப் பார்த்து நின்றுவிட்டார். நான் ரோல் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, தையலை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையை எடுத்ததும் தையல் பழையபடி போய்ப் படிந்துகொண்டது. எல்போவைத் தடவினார். நாடா மடிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"ராசவேலு, இது நெசமா அவுரே தைச்சதுங்களா? கண்ணு ஆபரேசனுக்குப் பொறவா?"

"நேத்துத் தைச்சதுங்க."

"அட, கை இன்னும் போகலீங்களே!" என்றார். "கொழாய்க்கே இப்பிடித் தைக்கறாருன்னா கொழந்தைக்கு எப்பிடித் தைப்பாரு! வெள்ளை பேபி பனியன் ஆர்டர் ஒண்ணு வருதுங்க. ஒரு மிசின் சும்மாதான் கெடக்குது. வரச்சொல்லுங்க."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணாச்சி கையில் பாதி உரித்த பூண்டு. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, எழுந்திருக்கவும் தெரியவில்லை. அக்காதான் அவர் கையிலிருந்து பூண்டைப் பிடுங்கினாள். "போங்க, போயிருங்க, அவரு மனசு மாறதுக்குள்ள" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அவர் போன பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். குழம்பு அன்றைக்கு உப்புக் கூடுதல். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றேன்.

அந்தக் கொஞ்ச நாளும் அந்த வீட்டில் சாப்பிடுவதே ஒரு சந்தோசமாக இருந்தது. அண்ணாச்சி சட்டைப்பையில் சின்னக் கத்தரிக்கோலைச் செருகிக்கொண்டு செட்டுக்குப் போவார். மத்தியானம் பஞ்சு படிந்த தலையோடு வருவார். நூல் அறுவதைப் பற்றி, லூப்பர் ஊசியைப் பற்றி, பக்கத்து மெசின் பீகார்க்காரன் 'அண்ணாச்சி' என்பதை 'அனாசி' என்று கூப்பிடுவதைப் பற்றி ஓயாமல் பேசுவார். அக்கா ஆளில்லாமல் ஒற்றையாய் வெங்காயம் உரித்தாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் குறைப்படவில்லை.

செட்டில் செக்கிங் பார்க்கிற அபிராமி தினமும் காலையில் வந்து ஒரு பொட்டலம் கருவாட்டுக் குழம்பு வாங்கிப் போவாள். மடத்துக்குளத்துப் பெண். புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான், மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சோறு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். செட்டில் சாப்பிடத் தனி இடமில்லை. எல்போ இருக்கிற மூலையில் தைத்த பீஸ் அடுக்குகிற இரும்பு ரேக். அதற்குப் பக்கத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

மார்கழி வந்தது. விடியலில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டவேண்டும். அப்படிக் குளிர். வெள்ளை பேபி பனியன் முழுக்கத் தைத்து முடிந்து ரேக்கில் அடுக்கியிருந்தது. பாதிக்குமேல் அண்ணாச்சி தைத்தது. அயர்ன் பண்ணப் பிரித்தபோதுதான் பார்த்தார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் மேலே மங்கலான மஞ்சள் வளையம். டீ கிளாஸ் வைத்து எடுத்ததுபோல. மேல் பீஸிலிருந்து அடிப் பீஸ் வரைக்கும் ஊறி இறங்கியிருந்தது. மெசின் ஆயில் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மாரப்பன் ஒரு பீஸை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

கருவாட்டுக் குழம்பு.

நான் அப்போது செட்டில்தான் இருந்தேன், பீஸை ஏற்றிப் போக வந்தவன். அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் அபிராமியைப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துவிட்டது.

"சத்தியமா நானில்லீங்க. நான் சாப்புட்டா கையக் கழுவாம துணியத் தொட்டதே இல்லீங்க. எம்புள்ள மேல ஆணையா நானில்லீங்க."

"தெரியாமப் பட்டிருக்கும் கண்ணு," என்றார் மாரப்பன். "ஆருக்கும் வேணும்னு பண்ற மனசு வராது. ஆனா பாருங்க, கொழந்தைத் துணி. பார்ட்டிக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? நீங்க நாளையிலிருந்து வர வேண்டாஞ் சாமி. கோவிச்சுக்காதீங்க."

திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே போனாள். அண்ணாச்சி மெசினைவிட்டு எழுந்து ஒரு பீஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அபிராமி வாங்கிப்போவதும் அதே குழம்புதான், ஆனால் இதில் அடுப்புப் புகையும் கலந்திருந்தது. அவருக்குத் தன் அடுப்படி வாசம் தெரியாதா?

மறுநாள் விடியலில், மறுபடி அலசிப் பார்க்கலாமென்று அந்தப் பீஸ்களை வாஷிங்குக்கு எடுத்துப்போக வந்தேன். செட் திறந்து கிடந்தது. உள்ளே லைட் போடாமல் அண்ணாச்சி ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றார், கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவர்போல.

"என்னங்க அண்ணாச்சி?"

அவர் அண்ணாந்து பார்த்தார். செல்போன் வெளிச்சத்தை மேலே காட்டினேன். எல்போவில் பூ முடிச்சுப் போட்ட நாடா. அதன் இரண்டு நுனியிலும் மஞ்சள் சொட்டு. ஒன்று விழுந்து அவர் உள்ளங்கையில் தெறித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் சோறு தளதளவென்று கொதிக்கிற சத்தம் கேட்டது.

குழாய் அடுப்படிப் பக்கம் சாய்வாகத்தான் இருந்தது. துணிக்கு ஏது சாய்வு? இணைப்பில் கசிந்ததையெல்லாம் காட்டன் சத்தமில்லாமல் குடித்திருக்கிறது. குடித்துக் குடித்து, நிறைந்து, சுவர் ஓட்டை வழியாக ஊறி வந்து, கடைசியில் அழகுக்கென்று கோத்த நாடாவில் இறங்கியிருக்கிறது. விடியலில் சொட்டும், ஆட்கள் வருவதற்குள் காய்ந்துவிடும், அதன்மேல் அன்றைக்குத் தைத்த பீஸை அடுக்கிவிடுவார்கள்.

"காட்டன் தண்ணி குடிக்கும்னு எனக்குத் தெரியாதா தம்பி?" என்றார். "சின்ன வயசுலேர்ந்து இந்தத் துணிக்குள்ளதான கெடக்கேன். வேர்வை இழுக்கும்னு சொல்லித்தான வெள்ளக்காரனுக்கே விக்கோம். கொழாயும் வேர்க்குன்னு அந்தத் தகரக்கடைக்காரன் சொன்னாம்லா. எனக்கு ஏன் அது தோணல?"

எனக்குச் சுர்ரென்று பயம் வந்தது. அந்த மனுசன் முகத்தைப் பார்த்தால் நேரே மாரப்பனிடம் போய்விடுவார்போல் இருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த நாடாவ அறுத்துப் போடுங்க. சட்டையையும் கழட்டீருங்க. ஆருக்கும் தெரியாது. அபிராமிக்கு நானே வேற கம்பெனி பாத்து உடறனுங்க. நாலு எடம் போறவன், எனக்குத் தெரியாத செக்கிங்கா? நீங்க வாய மட்டும் தொறக்காதீங்க. இந்த மிசின் போச்சுன்னா இன்னொண்ணு கெடைக்காதுங்க உங்களுக்கு."

"கெடைக்காது," என்றார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

அடுப்படியில் அக்கா பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி மணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். நான் என் யோசனையைச் சொன்னேன். திரும்பிக் குழம்பைக் கிண்டினாள். தோசை வார்த்தாள். வந்தவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள், பொட்டலங்களை எடுத்துப் போனார்கள். கடைசியில் ஜன்னல் திட்டில் ஒரே ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது.

"அது யாருக்கு?" அண்ணாச்சி கேட்டார்.

அக்கா அதைப் பார்த்தாள். பழக்கத்தில் கட்டி வைத்துவிட்டாள். "அபிராமிக்கு," என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "அவ வந்து வாங்கும்போதெல்லாம், யக்கா, எம்மவளுக்கும் ஒங்க கொழம்புன்னா உசுருன்னு சொல்லுவா."

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்தார். அக்கா அவரைத் தடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது, "துண்ட எடுத்துப் போட்டுட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மேலும் கோபம் கோபமாக வந்தது. இந்த உலகத்தில் எவன் இப்படிப் போய் நிற்கிறான்?

நானும் பின்னாலேயே போனேன், மாரப்பன் தன் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றார். அண்ணாச்சி சொன்னதை முழுக்கக் கேட்டார். குச்சியைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க வந்து சொன்னதே பெருசுங்க. அந்தப் புள்ளைய நான் திரும்பக் கூப்படறேன், தப்பு என்னுதுங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "கொழாய அந்தப் பக்கம் உடச் சொன்னதும் நாந்தானுங்க. அதனால ஊட்டைக் காலி பண்ணுங்க, மெஸ்ஸ நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. நடத்துங்க. மகுடேஸ்வரன வரச்சொல்லி என்ன பண்றதுன்னு பாக்கறனுங்க."

அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார். அவர் எதைக் கேட்க நிற்கிறார் என்று மாரப்பனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

"மிசின் மட்டும் வேண்டாங்க," என்றார் மாரப்பன். "உங்க கையில குத்தமில்லீங்க. இந்த ஆர்டர் கெட்டுப் போனதுல பார்ட்டி கேக்கறான், ஆரு தைச்சதுன்னு. உங்க பேரச் சொன்னா, அந்தக் கண்ணு தெரியாதவரான்னு கேக்கறானுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? மனசுல வெச்சுக்காதீங்க, சாமி."

"இல்லைங்க," என்றார் அண்ணாச்சி. அந்த 'ங்க' அவர் ஊர்ப் பேச்சில் கிடையாது. எங்களிடமிருந்து பிடித்துக்கொண்டது.

அபிராமி திரும்பி வரவில்லை. மாரப்பன் ஆளனுப்பிக் கேட்டார். எல்லார் முன்னாலும் தலைகுனிந்து போன இடத்துக்கு எப்படி வருவேன் என்று சொல்லிவிட்டாளாம். மகளைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குளத்துக்கே போய்விட்டாள்.

மாரப்பனிடம் பேசிய அன்று மத்தியானமே சட்டையைக் கழற்றினோம். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி ஏறி, ஓவர்லாக் தையலின் நுனியைத் தேடினார். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும் என்று நினைத்தார்போல. நகத்தால் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. எல்போவில் பார்த்தார், நாடா மடிப்பில் பார்த்தார். இத்தனை நாள் எண்ணெயிலும் ஆவியிலும் ஊறியிருந்தும் ஒரு இடத்தில்கூட விட்டிருக்கவில்லை.

"எங்கயும் விடலியே," என்றார் என்னைப் பார்த்து. அது சந்தோசமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

"வெட்டுங்க," என்றாள் அக்கா கீழேயிருந்து, கத்தரிக்கோலை நீட்டி.

தையலின்மேல் வைக்கவில்லை. அதை ஒட்டினாற்போல் ஒரு விரல் தள்ளி, துணியில் வெட்டிக்கொண்டே போனார். ஈரத்தில் கனத்துப் போயிருந்த சட்டை மொத்தென்று தொட்டியில் விழுந்தது. பிழிந்தபோது மஞ்சளாக ஓடிற்று. ஒரு மாசக் குழம்பு வாசமும் அதில் இருந்தது. சாயங்காலம் சோறு கொதித்ததும் வெறுங்குழாய் பழையபடி வேர்க்க ஆரம்பித்தது. அக்கா அதற்குக் கீழே ஒரு வட்டிலை வைத்தாள். அண்ணாச்சி பலகையைச் சொட்டு விழாத இடமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு வெங்காயத்தை எடுத்தார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

மகுடேஸ்வரன் அப்புறம் பஞ்சும் வெள்ளித் தாளும் கொண்டுவந்து சுற்றினார். சொட்டுவது நின்றுவிட்டது. தேஜஸ்ரீக்குப் பையன் பிறந்து மாமியார் வீட்டுக்கும் போய்விட்டாள். நான் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறேன். அண்ணாச்சி முன்னைவிடக் கம்மியாகப் பேசுகிறார். அக்கா அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சட்டையை அவள் தூக்கிப் போடவில்லை. சலவைக் காரம் போட்டு வெளுத்து, வெட்டி, அடுப்புப் பாத்திரம் இறக்கக் கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டாள். நேற்றுக்கூட என் முன்னால் குழம்புச் சட்டியை அதில் பிடித்துத்தான் இறக்கினாள். துணி நடுவில் நைந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓரத்தில் தையல் அப்படியே இருந்தது.